வேலையைப் பறித்த ஊரிலேயே பள்ளிக்குப் பெயர்: யார் இந்த செப்டிமா கிளார்க்?

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் சார்ல்ஸ்டன் என்றொரு பழைய துறைமுக நகரம் இருக்கிறது. படிப்பைப் பாதியில் விட்டுவிடும் நிலையில் இருந்த மாணவர்களுக்காக அந்த வட்டாரத்தில் நடத்தப்பட்ட சிறிய உயர்நிலைப் பள்ளி ஒன்றுக்கு செப்டிமா பி. கிளார்க் என்று பெயர் வைத்தார்கள். தலைநகர் வாஷிங்டனில் ஆண் பிள்ளைகளுக்கெனத் தொடங்கிய ஒரு பள்ளியும் சில ஆண்டுகள் அதே பெயரில் நடந்தது. சார்ல்ஸ்டன் நகரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் பெருஞ்சாலைக்கும் அவர் பெயர்தான்.

இதே ஊரில்தான் 1956இல் அவருடைய ஆசிரியர் வேலை போனது. ஏறக்குறைய 40 ஆண்டு வேலை பார்த்தவர், அப்போது வயது 58. ஓய்வூதியமும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஓர் ஊர் ஒருவரை விரட்டுகிறது, பிறகு அவர் பெயரையே பள்ளிக்கூடத்துக்கு வைக்கிறது. இடையில் என்ன நடந்தது? "கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பாடுபட்டவர்" என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுவதுதான் வழக்கம். அந்த ஒரு வரியில் அவர் செய்த முக்கியமான காரியம் மறைந்துபோகிறது. பெரியவர்கள் 2, 3 மாதத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு நேராக வாக்காளர் பதிவு அலுவலகத்துக்குப் போகும்படியான ஒரு பள்ளி முறையை அவர் உருவாக்கினார். தையல்காரர், முடி அலங்காரம் செய்பவர், விவசாயி என்று யார் வேண்டுமானாலும் அதில் ஆசிரியர் ஆகலாம். அந்த முறை ஏன் தேவைப்பட்டது, எப்படி வேலை செய்தது என்பதைப் புரிந்துகொள்ள, அன்றைய ஓட்டுரிமைச் சட்டத்திலிருந்து தொடங்க வேண்டும்.

உரிமை இருந்தும் ஓட்டு இல்லாமல் போனது எப்படி?

நம் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவரும் சின்னத்தைப் பார்த்து ஓட்டுப் போடுகிறார். அதற்குப் பழகிய நமக்கு, படிக்கத் தெரிந்தால்தான் ஓட்டு என்ற ஏற்பாடே விநோதமாகத் தெரியும்.

அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது திருத்தம் 1870இலேயே வந்துவிட்டது. இனம், நிறம், முன்பு அடிமையாக இருந்த நிலை ஆகியவற்றைக் காட்டி யாருக்கும் ஓட்டுரிமையை மறுக்கக் கூடாது என்பது அதன் சாரம். ஆனால் தென் மாநிலங்கள் நிறத்தைப் பற்றி ஒரு சொல்கூட எழுதாமலே அதைச் சுற்றிப் போக வழி கண்டுபிடித்தன. தென் கரோலினா 1895இல் தனக்கென ஒரு புதிய மாநில அரசமைப்பை எழுதிக்கொண்டது. அதிலிருந்து பிறந்த ஏற்பாட்டைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. ஓட்டுப் போட வேண்டுமானால் முதலில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதிகாரிகள் வீடு தேடி வந்து பெயர் சேர்ப்பதில்லை. குடிமகன்தான் பதிவு அலுவலகத்துக்குப் போய் நிற்க வேண்டும். ஒருமுறை பதிந்தால் வாழ்நாள் முழுக்கச் செல்லும் என்பதும் இல்லை.

2. போனவர், மாநில அரசமைப்பின் எந்தப் பகுதியைக் காட்டினாலும் அதைப் படிக்கவும் எழுதவும் வேண்டும். அது முடியாதென்றால், 300 டாலர் மதிப்பிடப்பட்ட சொத்துக்கு வரி கட்டியிருக்க வேண்டும்.

3. எந்தப் பகுதியைக் காட்டுவது, வந்தவர் சரியாகப் படித்தாரா இல்லையா என்பதையெல்லாம் முடிவு செய்பவர் பதிவாளர். அந்த நாற்காலியில் இருந்தவர் வெள்ளையர்.

4. பதிந்தாலும் போதாது. அந்த மாநிலத்தில் அப்போது ஜனநாயகக் கட்சி மட்டும்தான் செல்வாக்கோடு இருந்தது. அந்தக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உள்தேர்தலில் ஜெயித்தவர்தான் கடைசியில் பதவிக்கு வருவார். அந்த உள்தேர்தல் வெள்ளையருக்கு மட்டும் என்று இருந்தது. 1947இல் ஜே. வேட்டிஸ் வேரிங் என்ற கூட்டாட்சி நீதிபதிதான் இதைச் செல்லாது என்று தீர்ப்பளித்தார். அவரும் சார்ல்ஸ்டன்காரர், வெள்ளையர்.

5. இத்தனையும் தாண்டிப் பதிவு செய்தவருக்கு வேலை போகலாம், குத்தகை நிலம் போகலாம், கடையில் கடன் கிடைக்காமல் போகலாம். இதற்குச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை.

இந்த ஐந்தில் இரண்டாவதுதான் நம் விஷயத்துக்கு அச்சாணி. கறுப்பினக் குழந்தைகளுக்கு ஒழுங்கான பள்ளியே தராத மாநிலம், பெரியவர்களான பிறகு அவர்களிடம் படிப்பைக் கேட்டது. படிக்க விடாமல் செய்துவிட்டு, படிக்காதவருக்கு ஓட்டு இல்லை என்றது. பள்ளியும் ஓட்டும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள். செப்டிமா கிளார்க் இதை ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 18 வயதில் அந்தக் கயிற்றின் ஒரு முனையில் போய் நின்றார்.

132 பிள்ளைகள், 2 ஆசிரியைகள்

அவர் 1898 மே 3ஆம் தேதி சார்ல்ஸ்டனில் பிறந்தார். பிறந்தபோது பெயர் செப்டிமா பாயின்செட். தந்தை பீட்டர் பாயின்செட் அடிமையாகப் பிறந்தவர். பண்ணை முதலாளியின் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துக்கொண்டு போய், அவர்கள் படித்து முடிக்கும்வரை வெளியே காத்திருந்து, திரும்பக் கூட்டிவருவது சிறுவயதில் அவர் வேலை. தாய் விக்டோரியா ஹைட்டி நாட்டில் வளர்ந்தவர், தான் யாருக்கும் அடிமையாக இருந்ததில்லை என்று பெருமையாகச் சொல்பவர். துணி துவைத்துக் கொடுத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்.

சார்ல்ஸ்டனில் கறுப்பின மாணவர்களுக்காக நடந்த ஏவரி பள்ளியில் 1916இல் படிப்பை முடித்து, ஆசிரியர் தகுதி பெற்றார். கல்லூரிக்குப் போகப் பணமில்லை. நகரத்துப் பொதுப் பள்ளிகளில் வேலை தேடலாம் என்றால், கறுப்பினப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில்கூடக் கறுப்பின ஆசிரியர்களுக்கு இடமில்லை. அங்கேயும் வெள்ளையர்களையே நியமித்தார்கள். அதனால் படகில் ஏறி ஜான்ஸ் தீவுக்குப் போனார்.

ஜான்ஸ் தீவு சார்ல்ஸ்டனுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் பாலம் இல்லாததால் அது வேறு உலகம். ஆப்பிரிக்க மொழிகளும் ஆங்கிலமும் கலந்து பிறந்த 'கல்லா' என்ற மொழியைப் பேசிய மக்கள் அங்கே வாழ்ந்தார்கள். அந்தப் பள்ளியில் 132 பிள்ளைகளுக்கு இரண்டே ஆசிரியைகள். தலைமைப் பொறுப்பையும் பார்த்த செப்டிமாவுக்குச் சம்பளம் 35 டாலர், இன்னொருவருக்கு 25 டாலர். சாலைக்கு எதிர்ப்பக்கம் வெள்ளையர் பள்ளி. அங்கே 3 பிள்ளைகள், ஆசிரியைக்கு 85 டாலர்.

பாடப்புத்தகம் போதாததால், அந்தத் தீவின் மரங்களையும் உணவையும் பற்றிப் பிள்ளைகள் சொன்ன கதைகளை, சலவைக்கடையில் துணி சுற்றித் தரும் காகிதப் பைகளைப் பிரித்து அதன்மேல் எழுதி, அதையே வாசிக்கச் சொன்னார். இரவில் பெரியவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். 40 ஆண்டு கழித்து இதே தீவில் நடக்கப்போகும் வகுப்பின் விதை இதுதான் என்று நினைக்கிறேன். படிப்பவரின் வாழ்க்கையிலிருந்தே பாடத்தை எடுப்பது என்ற வழக்கம், வேறு வழியில்லாத அந்த நாட்களில் அவருக்குப் படிந்தது.

1919இல் ஊர் திரும்பியவர், என்.ஏ.ஏ.சி.பி. என்ற அமைப்பின் கையெழுத்து இயக்கத்தில் சேர்ந்தார். கறுப்பின மக்களின் உரிமைக்காக 1909இல் தொடங்கப்பட்டு, பெரும்பாலும் நீதிமன்றம் வழியாகப் போராடிய அமைப்பு அது. சார்ல்ஸ்டன் பள்ளிகளில் கறுப்பின ஆசிரியர்களை நியமிக்க வேண்டும் என்பது கோரிக்கை. வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள். அடுத்த ஆண்டே கோரிக்கை நிறைவேறியது.

சொந்த வாழ்க்கை அவ்வளவு இரக்கம் காட்டவில்லை. 1920இல் நீரி கிளார்க் என்ற கடற்படைக்காரரை மணந்தார். முதல் குழந்தை பிறந்த சில வாரங்களிலேயே இறந்தது. 1925இல் மகன் பிறந்தான். அதே ஆண்டு டிசம்பரில் கணவர் சிறுநீரகக் கோளாறால் இறந்தார். ஆசிரியை சம்பளத்தில் பிள்ளையை வளர்க்க முடியாமல், கணவரின் பெற்றோரிடம் அவனை விடவேண்டி வந்தது.

தேர்வு என்னும் சுவர், இரண்டாவது முறை

1929இல் மாநிலத் தலைநகர் கொலம்பியாவுக்குப் போனார். அங்கே வேலை பார்த்துக்கொண்டே படித்து 1942இல் இளங்கலைப் பட்டமும் 1946இல் முதுகலைப் பட்டமும் வாங்கினார். கோடை விடுமுறைகளில் படித்துப் படித்துச் சேர்த்த பட்டங்கள் அவை.

அப்போது ஒரே தகுதி, ஒரே வேலை என்றாலும் கறுப்பின ஆசிரியருக்குச் சம்பளம் குறைவு. இதை எதிர்த்து என்.ஏ.ஏ.சி.பி. தொடுத்த வழக்கில் 1945இல் நீதிபதி வேரிங் சம ஊதியம் தரும்படி தீர்ப்பளித்தார். வழக்கறிஞர் தர்குட் மார்ஷல், பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி ஆனவர். வழக்குக்கு ஆதாரம் திரட்டியவர்களில் செப்டிமாவும் ஒருவர்.

மாநிலம் உடனே வேறொரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஆசிரியர்கள் ஒரு தேர்வு எழுத வேண்டும், அந்த மதிப்பெண்படிதான் சம்பளம். சமமில்லாத பள்ளிகளில் படித்து வந்தவர்கள் குறைவாக எடுப்பார்கள், பழைய வித்தியாசம் அப்படியே நிற்கும் என்பது கணக்கு. ஓட்டுக்கு வைத்த அதே மாதிரிச் சுவர்தான் இதுவும். செப்டிமா தேர்வை எழுதி முதல் தரம் பெற்றார். சம்பளம் மூன்று மடங்கானது.

726 கடிதங்கள்

1947இல் நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ள மீண்டும் சார்ல்ஸ்டன். 1954இல் உச்ச நீதிமன்றம் இனவாரியாகப் பிரித்த பொதுப் பள்ளிகள் செல்லாது என்று தீர்ப்பளித்ததும், தென் மாநிலங்களின் கோபம் முழுக்க என்.ஏ.ஏ.சி.பி. மேல் திரும்பியது. 1956இல் தென் கரோலினா ஒரு சட்டம் போட்டது. அரசு, நகர ஊழியர் யாரும் அந்த அமைப்பில் உறுப்பினராக இருக்கக் கூடாது.

பலர் உறுப்பினர் அட்டையை மறைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கறுப்பினப் பட்டதாரிகளுக்கு அப்போது இருந்த ஒரே நிலையான வேலை ஆசிரியர் வேலைதான். செப்டிமா மறைக்கவில்லை. அதோடு 726 கறுப்பின ஆசிரியர்களுக்குத் தன் கையெழுத்திட்டுக் கடிதம் அனுப்பி, சேர்ந்து எதிர்ப்போம் என்று கூப்பிட்டார். பதில் எழுதியவர்கள் 26 பேர். அதிகாரியைப் பார்க்க வருகிறோம் என்றவர்கள் 11 பேர். அன்றைக்கு வந்தவர்கள் 5 பேர்.

வேலை போனது. ஆனால் இந்த 5 என்ற எண்தான் அவரை மாற்றியது. பிற்காலத்தில் இதைத் தன் வாழ்க்கையின் பெரிய தோல்விகளில் ஒன்றாகச் சொன்ன அவர், மற்றவர்களைக் கோழைகள் என்று திட்டவில்லை. அவர்கள் இன்னும் தயாராகாத ஒன்றுக்குள் தான் அவர்களைத் தள்ளிவிட்டதாகச் சொன்னார். ஆட்களைக் கூப்பிடுவதற்கு முன்னால் அவர்களைத் தயார் செய்ய வேண்டும் என்பது அவர் எடுத்துக்கொண்ட பாடம். பிறகு வந்த அத்தனை வேலையும் இந்தத் திருத்தத்திலிருந்து பிறந்ததுதான்.

பேருந்தில் தொடங்கிய பாடம்

டென்னசி மாநிலத்து மலைப்பகுதியில் ஹைலேண்டர் என்ற நாட்டுப்புறப் பள்ளி ஒன்று இருந்தது. மைல்ஸ் ஹார்ட்டன் என்பவரும் நண்பர்களும் 1932இல் தொடங்கியது. தொழிலாளர்களும் விவசாயிகளும் சில நாள் தங்கித் தங்கள் பிரச்சினைகளைப் பேசித் தீர்வு தேடும் இடம். தென் மாநிலங்களில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே மேசையில் சாப்பிடக்கூடிய மிகச் சில இடங்களில் ஒன்று. செப்டிமா 1954இல் அங்கே முதன்முதலாகப் போனார். 1955 கோடையில் அவர் அங்கே நடத்திய பயிலரங்குக்கு அலபாமாவிலிருந்து ஒரு தையல்காரப் பெண் வந்திருந்தார். அவர் ரோசா பார்க்ஸ். அதே டிசம்பரில் மான்ட்கோமரி பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்தவர். வேலை போனதும் ஹைலேண்டரே செப்டிமாவைப் பயிலரங்குகளின் இயக்குநராக வைத்துக்கொண்டது.

அவர் அங்கே கூட்டிப்போனவர்களில் ஒருவர் ஜான்ஸ் தீவைச் சேர்ந்த ஈசா ஜென்கின்ஸ். தீவிலிருந்து நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்களைத் தன் பேருந்தில் ஏற்றிச் செல்பவர். ஒருநாள் ஆலிஸ் வைன் என்ற பயணி, தனக்கு ஓட்டுப் போட ஆசை, படிக்கத் தெரியாது, யாராவது சொல்லிக் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்றார். ஜென்கின்ஸ் மாநில அரசமைப்பின் பகுதிகளை அச்சடித்துப் பயணிகளுக்குக் கொடுத்து, போகிற வழியிலும் காத்திருக்கும் நேரத்திலும் விளக்கத் தொடங்கினார். ஆலிஸ் வைன் அந்தப் பகுதியை மனப்பாடமாகவே சொல்லிப் பதிவும் செய்துவிட்டார். ஆனால் அவருக்கு அது போதவில்லை. உண்மையிலேயே படிக்க வேண்டும் என்றார்.

தீவில் வகுப்பு நடத்த இடம் தேடினால் யாரும் தரவில்லை, எல்லோருக்கும் பயம். கடைசியில் ஹைலேண்டர் கொடுத்த கடனில் 1,500 டாலருக்கு ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தை வாங்கினார்கள். முன்பக்கம் கூட்டுறவு மளிகைக்கடை, பின்பக்கம் வகுப்பறை. வெளியே இருந்து பார்க்கிறவருக்குச் சாமான் வாங்க வருவதாகத்தான் தெரியும்.

குடியுரிமைப் பள்ளி: உள்ளே என்ன நடந்தது?

சரி, யார் பாடம் நடத்துவது? செப்டிமா தானே தேர்ந்த ஆசிரியை. அவருக்குத் தெரிந்த ஆசிரியர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். அவர் தேர்ந்தெடுத்தது தன் உறவுக்காரப் பெண் பெர்னிஸ் ராபின்சனை. முடி அலங்காரக் கடை வைத்திருந்தவர், தையலும் தெரிந்தவர், ஒருநாளும் ஆசிரியராக இருந்ததில்லை. எனக்குத் தெரியாதே என்று மறுத்தவரைச் சம்மதிக்க வைத்தார்கள்.

இந்தத் தேர்வில்தான் செப்டிமாவின் கூர்மை தெரிகிறது.

1. பயிற்சி பெற்ற ஆசிரியர் பெரியவர்களையும் குழந்தைகள் போல நடத்திவிடுவார் என்ற பயம் அவருக்கு இருந்தது. 60 வயது விவசாயியிடம் பிழையைச் சுட்டுகிற குரல் கொஞ்சம் உயர்ந்தால் போதும், மறுநாள் அவர் வரமாட்டார்.

2. ராபின்சனின் வாடிக்கையாளர்கள் எல்லோரும் கறுப்பினப் பெண்கள். வெள்ளை முதலாளி யாரும் அவரை வேலையிலிருந்து நீக்க முடியாது. 726 கடிதங்களின் பாடம் இங்கே வேலை செய்தது.

3. முடி அலங்காரக் கடை ஊர்ப்பேச்சு நடக்கும் இடம். அவருக்குக் கேட்கத் தெரியும்.

1957 ஜனவரி 7ஆம் தேதி முதல் வகுப்பு. 14 பேர் வந்தார்கள். வாரம் 2 இரவு, தலா 2 மணி நேரம். வயலில் வேலை குறைவாக இருக்கும் குளிர்காலத்தையே தேர்ந்தெடுத்தார்கள். ராபின்சன் முதலில் சிறுவர் பாடப்புத்தகங்களோடு போனார். அது சரிவராது என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவற்றை ஒதுக்கிவிட்டு, நான் உங்களுக்கு ஆசிரியை இல்லை, சேர்ந்து கற்றுக்கொள்வோம் என்று சொல்லி, என்ன தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று கேட்டார். தங்கள் பெயரை எழுத வேண்டும், பைபிள் வாசிக்க வேண்டும், வெளியூரில் இருக்கும் பிள்ளையின் கடிதத்தைத் தாங்களே படிக்க வேண்டும், மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும், தபாலில் பொருள் வரவழைக்கும் படிவம் நிரப்ப வேண்டும் என்றார்கள். அதுவே பாடத்திட்டம் ஆனது.

பெயர் எழுதுவதில் தொடங்கினார்கள். ஆசிரியர் ஓர் அட்டையில் மாணவரின் பெயரை எழுதித் தருவார். அதன்மேலேயே பென்சிலால் திரும்பத் திரும்பக் கை பழகும்வரை எழுத வேண்டும். ஏர் பிடித்த கைகள் பென்சிலை அழுத்தி உடைத்துவிடும். ஒருவருக்கு ஆறேழு பென்சில்கூட உடையும். உடையட்டும், இன்னொன்று கொடு என்பது செப்டிமாவின் முறை. கைநாட்டாக ஒரு பெருக்கல் குறி போட்டுப் பழகியவர் முதன்முதலாகத் தன் பெயரை எழுதிப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று வயது வந்தோர் கல்வி வகுப்பு எடுத்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அப்புறம் கணக்கு. நிலத்துக்கு எவ்வளவு உரம், எவ்வளவு விதை, கடைக்காரர் போட்ட ரசீது சரிதானா என்பதுதான் கூட்டலும் பெருக்கலும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் சொற்களை மாநில அரசமைப்பிலிருந்தும் பதிவுப் படிவத்திலிருந்தும் எடுத்தார்கள். சுவரில் ஐ.நா. மனித உரிமைப் பிரகடனம் தொங்கியது. வகுப்பு முடியும்போது இதை நீங்கள் வாசிக்க வேண்டும் என்று ராபின்சன் முதல் நாளே சொல்லிவிட்டார்.

சுவராக எழுப்பப்பட்ட அந்தத் தேர்வை செப்டிமா பாடநூலாக மாற்றிக்கொண்டார் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். அரசமைப்பை வாசி என்று பதிவாளர் கேட்டால் வாசிப்பதற்கும், அதிலே எனக்கு என்ன உரிமை எழுதியிருக்கிறது என்று தெரிந்து வாசிப்பதற்கும் தூரம் உண்டு. படிக்கும்போதே வரி, தேர்தல் சட்டம், சமூகக் காப்பீட்டுத் தொகை வாங்கும் வழி எல்லாம் பேச்சில் வந்தன. சாலை ஏன் போடவில்லை என்று யாரிடம் கேட்பது என்பதும் வந்தது.

அந்த 14 பேரில் பலர் பதிவு அலுவலகத்துக்குப் போய்த் தேறினார்கள்.

தீவைத் தாண்டி

பக்கத்துத் தீவுகளான வாட்மலா, எடிஸ்டோவிலும் வட சார்ல்ஸ்டனிலும் உடனே கேட்டார்கள். வகுப்புகள் பரவின. கூடவே எதிர்ப்பும் வந்தது. 1959 ஜூலை 31 இரவு டென்னசி காவலர்கள் ஹைலேண்டரைச் சோதனையிட்டு செப்டிமாவைக் கைது செய்தார்கள். மது வைத்திருந்ததாகக் குற்றச்சாட்டு. அது நிற்கவில்லை. ஆனால் அதைத் தொடர்ந்த வழக்குகளில் பள்ளியின் உரிமத்தை மாநிலம் 1961இல் பறித்தது.

கட்டடம் போகும் என்று முன்பே தெரிந்திருந்ததால், குடியுரிமைப் பள்ளித் திட்டத்தை 1961இல் மார்ட்டின் லூதர் கிங் தலைமையிலான எஸ்.சி.எல்.சி. அமைப்பிடம் ஒப்படைத்தார்கள். தென் மாநிலப் போதகர்களை ஒன்றிணைத்த உரிமை அமைப்பு அது. செப்டிமாவும் கூடவே போனார். ஜார்ஜியா மாநிலத்தில் டார்செஸ்டர் என்ற பழைய மிஷன் பள்ளி வளாகம் பயிற்சி மையமானது. ஆண்ட்ரூ யங் நிர்வாகம், டாரதி காட்டன் பயிற்சியும் பாட்டும், செப்டிமா பாடமும் ஆள் தேர்வும் என்று மூவர் நடத்தினார்கள்.

ஆட்களை ஊர் ஊராகப் போய்த் தேடினார் செப்டிமா. பட்டம் கேட்கவில்லை. உரக்க வாசிக்க வருமா, பலகையில் தெளிவாக எழுத வருமா, ஊர் மதிக்குமா என்று மட்டும் பார்த்தார். 5 நாள் பயிற்சி. முடிந்ததும் ஊருக்குப் போய் சமையலறையிலோ முடி அலங்காரக் கடையிலோ மரத்தடியிலோ வகுப்பு தொடங்க வேண்டும். மாதம் 30 டாலர் உதவித்தொகை. ஒவ்வொரு வகுப்பும் வாக்காளர்களைத் தந்தது, அவர்களில் சிலர் அடுத்த ஆசிரியர்கள் ஆனார்கள். 1964இல் ஒரே நேரத்தில் 195 வகுப்புகள் நடந்தன. 1957 முதல் 1970 வரை மொத்தம் 897.

மிசிசிப்பி பருத்திப் பண்ணைத் தொழிலாளியாக இருந்து, பிறகு நாடே கேட்ட பேச்சாளரான ஃபேனி லூ ஹேமர் இந்தப் பயிற்சிகளில் உருவானவர். 1963 ஜூனில் தென் கரோலினாவில் பயிற்சி முடித்து ஊர் திரும்பும் வழியில்தான் வினோனா என்ற ஊர்ச் சிறையில் அவரை அடித்து நொறுக்கினார்கள். 5 நாள் வகுப்புக்குப் போய்வருவதன் விலை அன்றைக்கு அதுவாக இருந்தது.

1965 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஓட்டுரிமைச் சட்டம் கையெழுத்தானது. தென் மாநிலங்கள் பலவற்றில் எழுத்தறிவுத் தேர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. 1975இல் நாடு முழுக்க நிரந்தரமாகவே ஒழிந்தது. கோடிட்டுச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சட்டம் கதவைத் திறந்தபோது உள்ளே போகத் தெரிந்தவர்களும், பக்கத்து வீட்டாரைக் கூட்டிப்போகத் தெரிந்தவர்களும் ஊருக்கு ஊர் ஏற்கெனவே இருந்தார்கள். அவர்களை உருவாக்கியது இந்த மாலை வகுப்புகள்.

ஏன் அவர் பெயர் பின்னால் போனது?

மேடையும் ஊர்வலமும் புகைப்படத்தில் விழும். பென்சில் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது விழாது. ஆனால் காரணம் அது மட்டும் இல்லை. எஸ்.சி.எல்.சி. போதகர்களின் அமைப்பு, அதாவது ஆண்களின் அமைப்பு. அதன் நிர்வாகக் குழுவில் செப்டிமா ஏன் இருக்கிறார் என்று கிங்கின் நெருங்கிய சகாவான ரால்ஃப் அபர்நாதி கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டதை அவரே பதிவு செய்திருக்கிறார். இந்தத் திட்டத்தை வகுத்தவரே அவர்தான் என்று கிங் பதில் சொல்ல, அடுத்த கூட்டத்தில் அதே கேள்வி மறுபடி வருமாம். எல்லா ஊர்வலத்துக்கும் நீங்களே தலைமை தாங்காமல் அந்தந்த ஊர்த் தலைவர்களை வளர்த்துவிடுங்கள் என்று அவர் கிங்குக்கு ஒரு கடிதம் எழுதினார். அதை ஊழியர் கூட்டத்தில் வாசித்தபோது சிரித்தார்கள். கிங் மீது அவருக்கு மதிப்பு குறையவில்லை. ஆனால் இயக்கத்தில் பெண்கள் நடத்தப்பட்ட விதம் பெரிய பலவீனம் என்று கடைசிவரை வெளிப்படையாகச் சொன்னார்.

ஊர் திரும்பிப் பார்த்தது

1970இல் எஸ்.சி.எல்.சி. பணியிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வூதியம் இல்லாத ஓய்வு. வேலை போய் 14 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதற்குப் பிறகு நடந்தவை:

1. 1975இல், 77 வயதில், சார்ல்ஸ்டன் மாவட்டப் பள்ளி வாரியத்துக்குத் தேர்தலில் நின்று ஜெயித்தார். ஒருகாலத்தில் அந்த ஊரில் ஓட்டுப் போட முடியாமல் இருந்தவர்களின் ஓட்டும் அதில் சேர்ந்திருந்தது.

2. 1976இல் ஆளுநர் ஜேம்ஸ் எட்வர்ட்ஸ், 1956இல் செய்தது அநியாயம் என்று ஏற்று ஓய்வூதியத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஆண்டுக்கு 3,600 டாலர்.

3. 1979இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் அவரைக் கௌரவித்தார்.

4. 1981இல் நிலுவைச் சம்பளத்தைத் தர மாநிலச் சட்டமன்றம் ஒப்புக்கொண்டது.

பெயர் வைப்பதெல்லாம் இந்தக் காலத்தில் தொடங்கியதுதான். சாலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது 1960களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்களை இடித்துக்கொண்டு போட்ட சாலை. அதற்கு அவர் பெயர் வைத்தது எனக்கு முழுமையாக ஒட்டவில்லை. பள்ளிக்கு வைத்த பெயர் ஒட்டுகிறது, அதுவும் படிப்பை விட்டுவிடுவார்கள் என்று மற்றவர்கள் முடிவு கட்டிய பிள்ளைகளின் பள்ளிக்கு.

செப்டிமா கிளார்க் 1987 டிசம்பர் 15ஆம் தேதி காலமானார். வயது 89. கடைசி நாட்களில் அவர் இருந்தது ஜான்ஸ் தீவில்.